சுவருக்குள் ஓடும் எட்டுக் கம்பிகள்

கட்டிடம் எழும்பும்போதே கம்ப்யூட்டர்களுக்கென்று சுவருக்குள் இழுத்துவைத்த கேபிளிலேயே கூட்ட அரங்கின் ஒலியையும் காட்சியையும் அனுப்பிவிடலாம் என்று வியாபாரிகள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் சப்தத்துக்கும் பிம்பத்துக்கும் உள்ள பார வித்தியாசத்தை அவர்கள் அவ்வளவாக விஸ்தரிப்பதில்லை.

சப்தம் பரம சாது. வினாடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிட் என்ற பிரமாணத்தில் ஒரு மைக்குக்கு வினாடிக்குச் சுமார் 11.5 லட்சம் பிட்டுகள்தான் ஆகின்றன. ஆகவே சிட்னி நகரத்து ஆடினேட் ஸ்தாபனத்தின் டான்டே முறையில், சாதாரண கிகாபிட் கேபிள் ஒன்றே நூற்றுக்கணக்கான ஒலித்தடங்களைச் சுமந்துவிடுகிறது. பிம்பத்தின் சங்கதி வேறு. வினாடிக்கு 60 சட்டங்கள் ஓடும் 1080 வரிப் படம், சுருக்காமல் அனுப்பினால், ஏறக்குறைய 300 கோடி பிட்டுகளைக் கேட்கிறது. கிகாபிட் கேபிளோ 100 கோடிக்குமேல் ஏற்காது. எனவே படத்தைச் சுருக்கி நெட்வொர்க் சுவிட்ச் வழியே அனுப்ப வேண்டும். அல்லது வேலன்ஸ், எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ் ஆகியவை 2010-இல் கூடி முன்வைத்த ஹெச்டிபேஸ்டி முறையைக் கைக்கொள்ள வேண்டும். பின்னதில் படம், ஒலி, மின்சாரம் எல்லாம் 100 மீட்டர் வரை ஒரே கேபிளில் போகும். ஆனால் அது சுவிட்சை அறியாத பிறவியாதலால், இரு முனைகளுக்கும் இடையே கேபிள் நேராகவே செல்ல வேண்டும்.

கேபிளின் மேலுறையைக் கீறிப் பார்த்தால், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்ற நான்கு ஜோடிகளும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு ஜோடியின் சமிக்ஞை மற்றொன்றில் கலவாதிருக்கவே இந்த ஏற்பாடு. முனையில் 13 மில்லிமீட்டருக்குமேல் முறுக்கைப் பிரிக்கலாகாது என்பது விதி. அவசர கிரிம்பிங்கில் இதை மீறினால், தவறிய தகவலைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டருக்குப் பெரிய நஷ்டமில்லை. திரும்பக் கேட்க அவகாசமற்ற நேரடிப் படமோ பொறி பறந்து, இருண்டும்போகும். ஆகையால், படத்தை அனுப்பவும் பெறவும் வேண்டிய பெட்டிகளை வாங்குமுன் பழைய கேபிளை டெஸ்டர் வைத்துச் சோதிப்பதே விவேகம் என்பேன்.

சுருக்கி அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சுருக்கவும் விரிக்கவும் பிடிக்கும் காலத்தால் படம் பின்தங்க, டான்டேயில் வந்த சப்தம் முன்னதாகவே ஒலிபெருக்கியை எட்டிவிடும். ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வர். பிந்தினாலோ 125 வரை தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. உலகில் எப்போதும் ஒளியே முந்தி வருவதால், ஒலியின் தாமதத்துக்கு நம் புலன்கள் பழகிப்போயிருக்கின்றன போலும். ஆகவே அரங்கப் பொறியாளர்கள், விரைந்தோடி வந்த சப்தத்தை வேண்டுமென்றே சற்று நிறுத்திவைத்துப் பிறகு வெளியிடுகிறார்கள்.