கரையும் கருவியும் – 9: நந்தி நின்றுபோன இடம்

திருப்பாலைக்குடியில் கரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறும் கடல்தாழையும் வெளியே தெரியும். நாட்டுப்படகுகள் தள்ளியே நிற்கும். நண்டு வலையோடு தண்ணீரில் நடந்துபோய்த்தான் படகேற வேண்டும். இந்தப் பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே பத்து மீட்டருக்குள்தான். எதிரே இலங்கை. நடுவே 1974இல் போட்ட எல்லைக்கோடு. கடத்தல்காரர்களும் அகதிகளும் வந்து போகும் கடல் இது. ஆனால் பெரிய ரோந்துக் கப்பல் எதுவும் கரைப்பக்கம் நெருங்க முடியாது, தரை தட்டிவிடும்.

அதனால்தான் மண்டபம் கடலோரக் காவல்படை நிலையத்தில் ஹோவர்கிராப்ட் வைத்திருக்கிறார்கள். காற்று மெத்தைமேல் மிதந்து ஓடுவதால் தண்ணீர், சேறு, மணல் திட்டு எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போன தமிழ்க் குடும்பங்களை மீட்டுக் கரை சேர்த்தது அதுதான். கைக்குழந்தையோடு வெயிலில் நிற்பவர்களை எட்ட அந்தத் திட்டுகளில் வேறெந்தக் கலத்தால் முடியும்? படையின் கருவி என்றதும் உயிர் எடுக்கும் கருவியை மட்டும் நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இந்த இயந்திரம் பிறந்தது எந்த ராணுவ ஆய்வுக்கூடத்திலும் இல்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் ஒரு சின்னப் படகுக் கம்பெனியில் பிறந்தது. அதை நடத்தியவர் கிறிஸ்டோபர் காக்கரெல். மார்க்கோனி நிறுவனத்தில் ரேடார் வேலை பார்த்த பொறியாளர். வேலையை விட்டுவிட்டுப் படகு கட்டி வாடகைக்கு விடும் தொழிலுக்கு வந்தார். தண்ணீரின் இழுவையைக் குறைத்தால் படகு வேகமாகப் போகுமே என்ற யோசனை அவரை விடவில்லை. 1955இல் ஒரு காப்பி டின்னுக்குள் அதைவிடச் சிறிய டின் ஒன்றைப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளி வழியே காற்றைக் கீழ்நோக்கி ஊதச் செய்தார். அழுத்தத்தை அளந்து பார்க்க அடியில் சமையலறைத் தராசு. ஒற்றைத் துளை வழியே ஊதியபோது கிடைத்ததைவிடப் பல மடங்கு அழுத்தம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அதன்பிறகு நடந்ததுதான், படைக்குக் கருவி கண்டுபிடிக்கும் சிறு தொழில்காரர்களைப் பற்றிய இந்தத் தொடருக்கு முக்கியம். அரசாங்கம் அதை ராணுவ ரகசியமாக அறிவித்துப் பூட்டி வைத்தது. பூட்டியவர்கள் எடுத்துப் பயன்படுத்தவும் இல்லை. இது விமானம் என்று கடற்படை ஒதுக்கியது, படகு என்று விமானப்படை ஒதுக்கியது, தரைப்படைக்கு ஆர்வமே இல்லை. காக்கரெலே பின்னாளில் சொன்ன கதை இது. அவரால் வெளியே வாங்குபவரையும் தேட முடியவில்லை, ரகசியம் ஆயிற்றே! 1958இல் ரகசியத் தடை நீங்கி, அரசின் ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் பணம் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. சாண்டர்ஸ்-ரோ நிறுவனம் கட்டிய எஸ்.ஆர்.என்-1, 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது. ஏழே ஆண்டுகளில் அதன் பின்வந்த மாதிரிகள் அமெரிக்கக் கடற்படைக்காக வியட்நாமின் சதுப்பு நிலங்களில் ஓடின.

ஏறக்குறைய அதே காலத்தில் பெங்களூரிலும் ஒரு ஹோவர்கிராப்ட் உருவாகிக்கொண்டிருந்தது. கட்டியவர் ராமேஸ்வரத்துக்காரர், முப்பது வயதைத் தொடும் இளைஞர், அப்துல் கலாம். விமான வளர்ச்சி நிறுவனத்தில் நான்கு பேர் கொண்ட குழு. கையில் முன்மாதிரி கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள அனுபவசாலியும் கிடையாது. வரைபடத்திலிருந்து உதிரிப் பாகம்வரை தாங்களே யோசித்துச் செய்தார்கள். பெயர் நந்தி. சுமார் 550 கிலோ எடையோடு தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் உயரத்தில் மிதந்தது. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் தானே ஏறி உட்கார்ந்தார். ஓட்டியவர் கலாம்.

40 மில்லிமீட்டர் என்பது விரலின் பாதி நீளம். திருப்பாலைக்குடியின் சேற்றுக்கும் அலைக்கும் அது போதாது என்பது உண்மை. எஸ்.ஆர்.என்-1இன் முதல் வடிவமும் தாழ்வாகத்தான் மிதந்தது. கீழே ரப்பர் பூசிய துணியால் பாவாடை கட்டிய பிறகுதான் ஹோவர்கிராப்ட் அலையைத் தாண்டக் கற்றது. நந்திக்கும் அப்படி இரண்டாவது வடிவமும் மூன்றாவது வடிவமும் வந்திருக்க வேண்டும். சீனப் போருக்கு நடுவே 1962இல் மேனன் பதவி விலகினார். அவரோடு நந்தியின் ஆதரவும் போயிற்று, திட்டம் கிடப்பில் விழுந்தது. கலாம் விண்வெளி ஆய்வுக்குப் போனார். அது நாட்டுக்கு நல்லதாக முடிந்தது என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. 2010இல் இந்தியக் கடலோரக் காவல்படை 12 ஹோவர்கிராப்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது பிரிட்டனின் கிரிஃபான் ஹோவர்வொர்க் நிறுவனத்துக்கு. ஒப்பந்தம் 3.4 கோடி பவுண்டு. 1976இல் சின்னதாகத் தொடங்கிய கம்பெனி அது. விமான எஞ்சினுக்குப் பதில் டீசல் எஞ்சினைப் போட்டுச் செலவைக் குறைத்து மேலே வந்தது.

காக்கரெலும் கலாமும் முதல் வடிவம் கட்டுவதில் தோற்கவில்லை. ஒருவருக்கு அடுத்த ஆர்டர் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. சிறு தொழில் செய்பவர் படைக்குக் கருவி கண்டுபிடிக்கும் கதையில் எல்லாமே இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு பணம் தருவதை அமெரிக்கா 1982லேயே சட்டமாக்கியது. ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் ஒதுக்கும் அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கே தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். தொடக்க காலத்தில் குவால்காம் வளரவும் அந்தப் பணம் உதவியது. நம் நாட்டில் அதற்கு நிகரான ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில் திருவிடந்தை ராணுவக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. திருப்பாலைக்குடி வழியாக வரும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் திருவிடந்தையும் இருக்கிறது. ஒரு புத்தொழில் நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். பிறகு பத்துக் கோடி வரை தரும் பிரிவு வந்தது. 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. ஆனால் நிறுவனமும் தன் பங்குப் பணத்தைப் போட வேண்டும், வேலை முடிய முடியத்தான் தவணை வரும். முன்மாதிரி முடிந்து, படையின் சோதனை முடிந்து, ஆர்டர் வரும்வரை சம்பளம் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். அதுவரை நிலைத்துவிட்டால் பலன் உண்டு. சென்னையின் பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் இந்த வழியில் வந்துதான் ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்கு 200 கோடிக்கு மேல் ஆர்டர் பெற்றது. புனேயின் சாகர் டிஃபென்ஸ் கட்டிய ஆளில்லாப் படகு மாதங்கி, 2024 அக்டோபரில் மும்பையிலிருந்து தூத்துக்குடியை நோக்கிக் கிளம்பியது.

தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடத்தின் முனையங்கள் ஐந்து: சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. இவற்றில் தென்கடற்கரைக்கு ஒன்றும் இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, ஆளில்லா விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. மண்டபத்தில் ஹோவர்கிராப்ட் இருக்கிறது. ஆழமற்ற கடலின் குணத்தை விரல்நுனியில் வைத்திருக்கும் படகோட்டிகளும் படகு கட்டும் ஆசாரிகளும் கரை நெடுக இருக்கிறார்கள். இல்லாதது இவர்களையெல்லாம் ஒன்றாக உட்கார வைக்கும் ஓர் இடம்.

2024 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் ஆறு ஹோவர்கிராப்டுகளைக் கட்ட சௌகுலே நிறுவனத்திடம் 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. இந்த முறை வேலை இந்தியப் பட்டறைக்கு வந்திருக்கிறது, வடிவம் என்னவோ பிரிட்டனுடையதுதான். ஹோவர்கிராப்டில் சீக்கிரம் தேய்வது அந்த ரப்பர்த் துணிப் பாவாடைதான். மணலிலும் சிப்பியிலும் உரசி உரசிக் கிழியும், துண்டு துண்டாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கடலின் சேற்றுக்கும் உப்புக்கும் வெயிலுக்கும் தாங்கும் பாவாடைத் துணியை உருவாக்கும் ஆராய்ச்சியை ராமநாதபுரத்துச் சிறு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கலாம். மண்டபம் நிலையத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். தேறினால் ஐந்தாண்டுக்கு வாங்குகிறோம் என்று முதல் நாளே எழுதிக் கொடுக்கலாம். அமைச்சர் மாறினாலும் அந்தத் தாள் மாறக் கூடாது.

(தொடரும்)