கோள் வேடம் போடும் கரும்புள்ளி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை விளக்குகளில் இரவு வானம் வெளிறிப் போயிருக்கும். அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போய், வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். நல்ல இருட்டு வேண்டும் என்று 1960களில் இந்த இடத்தைத் தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான்.

1957இல் பாப்புவும் அமெரிக்கரான ஓலின் வில்சனும் விண்மீன் ஒளியில் கால்சியம் விடும் ஒளிர்கோட்டை அளந்தார்கள். அதன் அகலத்தைக் கொண்டு விண்மீனின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம் என்று கண்டார்கள். 1966 முதல் வில்சன் அதே கால்சிய ஒளியை வைத்து விண்மீன்களின் காந்தக் கொந்தளிப்பை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார். கோள் தேடுபவர்களுக்கு இன்று அந்தக் கண்காணிப்பு இல்லாமல் முடியாது.

ஏன்? கோளின் இழுப்பில் விண்மீனும் சற்றே ஆடும். நம்மை நெருங்கினால் அதன் ஒளி நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். வியாழன் சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்குச் சுமார் 12 மீட்டர். பூமியால் முடிந்தது வெறும் 9 சென்டிமீட்டர், ஆமை நடைதான்.

விண்மீனோ தானும் சுழல்கிறது. காந்தக் கொந்தளிப்பால் உண்டாகும் கரும்புள்ளி ஒன்று நம்மை நோக்கி வரும் விளிம்பில் இருந்தால் அந்தப் பக்க ஒளி குறைந்து, மொத்த ஒளியும் சிவப்புக்குச் சாய்ந்ததாகத் தெரியும். புள்ளி எதிர் விளிம்புக்குப் போனதும் நீலத்துக்குச் சாயும். இடத்தைவிட்டு அசையாத விண்மீனை ஆடுகிறது என்று கருவி எழுதிவிடும். அதுவும் நொடிக்கு மீட்டர் கணக்கில்!

கிளீஸ் 581இல் நடந்தது இதுதான். நமக்குச் சுமார் 20 ஒளியாண்டு தொலைவிலுள்ள இந்தச் சிவப்புக் குள்ள விண்மீனுக்கு 2007இல் ‘டி’, 2010இல் ‘ஜி’ என்று கோள்கள் அறிவிக்கப்பட்டன. உயிர் வாழத் தக்க இடங்கள் என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. 2014இல் பால் ராபர்ட்சன், சுவ்ரத் மகாதேவன் குழு, கால்சியத்தைப் போலவே காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் ஹைட்ரஜன் கோட்டை அந்த விண்மீனின் ஒளியில் அலசியது. விண்மீன் ஒருமுறை சுழல 130 நாள். ‘டி’ ஒருமுறை சுற்றியதாகச் சொன்னது 66 நாள். ஏறத்தாழப் பாதி! காந்தச் சலசலப்பைக் கழித்ததும் ‘டி’ காணாமல் போனது, கூடவே ‘ஜி’யும். இந்த முடிவுக்கு மறுப்பும் வந்தது. ஆனால் சலசலப்பைக் கழித்தபின் அந்த விண்மீனின் மற்ற மூன்று கோள்கள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன என்பதுதான் இதில் சுவாரசியம்.

புள்ளிகளைக் கண்ணாலேயே பார்த்து, கோள்களையும் முழுதாக அறிந்த விண்மீன் சூரியன் ஒன்றே. அதனால் லா பால்மா தீவில் இரவெல்லாம் கோள் தேடும் ஹார்ப்ஸ்-என் கருவிக்கு 2015 முதல் பகலிலும் வேலை: சூரியனைத் தொலைதூர விண்மீனாகப் பாவித்து அளப்பது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனின் கால்சியப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கொடைக்கானல் ஆய்வகத்தின் பெட்டகமும், புள்ளிகள் வந்து போகும் விதத்தைப் படிக்க உதவுகிறது.