கடைமடைக்காரர் ஏன் மண் சுமக்க வருகிறார்?

காவிரியில் நீர் மெலிந்தால் திருச்சி, கரூர்ப் பக்கம் கொரம்பு போடுவார்கள். மூங்கில், தழை, மணல் மூட்டை கொண்டு ஆற்றுக்குள்ளேயே எழுப்பும் தற்காலிகத் தடுப்பு அது. ஓடும் நீரை வாய்க்கால் தலைப்புக்குத் திருப்பிவிடும். ஒரு வெள்ளம் வந்தால் போச்சு. மறுபடியும் போட வேண்டும்.

அரசியல் அறிவியல் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் "எந்தக் கட்சி?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்தப் படிப்பின் ருசியான கணக்கு ஒன்று இந்தக் கொரம்புக்குள் இருக்கிறது.

கணிதம் போதாது என்று பொருளாதார ஆய்வுப் படிப்பில் இடம் மறுக்கப்பட்டவர் அமெரிக்காவின் எலினார் ஆஸ்ட்ரம். அரசியல் அறிவியலுக்குப் போய் 1965இல் முனைவரானார். 2009இல் பொருளாதார நோபலே அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதியதைப் பலரும் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்ட்ரம் நேரில் போய்ப் பார்த்தார்.

நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை அவரும் சகாக்களும் ஒப்பிட்டார்கள். பொறியாளர்கள் கட்டிய உறுதியான தலைப்பணைகளைவிட, உழவர்களே கல்லும் குச்சியும் வைத்துக் கட்டியவற்றில்தான் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு நீர் நன்றாகப் போனது! காரணம் எளிது. ஆண்டுதோறும் உடைகிற அணையைச் சீர்செய்ய, தலைப்பருகே வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரருக்கு ஆள்பலம் வேண்டும். கடைமடைக்காரர் வந்து மண் சுமக்க வேண்டுமென்றால் அவர் வயலுக்கும் நீர் போயாக வேண்டும். அணை உறுதியாகிவிட்டால் அவருடைய தயவு எதற்கு?

அதற்காகக் கட்டுமானமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொள்ளிடம் தாழ்ந்து நீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை காய்ந்தபோது, ஸ்ரீரங்கத் தீவின் தலைமாட்டில், முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1830களில் மேலணை கட்டினார். அது கொரம்பால் தீர்கிற சிக்கல் இல்லை. ஆனால் பேட்டவாய்த்தலையில் பிரிந்து, திருச்சி நகருக்குள் புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரிவரை போகும் உய்யக்கொண்டான் வாய்க்காலில், தலைப்பும் கடைசியும் எப்படி ஒத்துப்போகும் என்பதைச் சிமெண்ட் தீர்மானிக்காது. ஊரார் கூடிப் பாசன நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து வேலைக்கு வரச்சொல்லி 1858இல் வெள்ளையர் சட்டம் போட்டார்கள் என்றால், வழக்கம் மட்டும் போதவில்லை என்றுதானே பொருள்?

இதே கணக்கை மாநில அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். கர்நாடகம் தலைமடை, நாம் கடைமடை. மேலே இருக்கும் அணைகளைப் பராமரிக்க நம் ஆள் யாரும் தேவையில்லை. அதனால்தான் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு வர வேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. என்று புள்ளிவைத்து எழுத வேண்டியிருந்தது. அதைக் கண்காணிக்க ஓர் ஆணையமும் தேவைப்பட்டது. பேட்டவாய்த்தலைக் கொரம்புக்கு வாழவந்தான்கோட்டைக்காரர் மண்வெட்டியோடு போய் நிற்கலாம். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணைக்கு யார் போவது?