கமோஓவலேவா (சிறுகோள்)

கமோஓவலேவா என்பது புவியின் சுற்றுப்பாதையை ஒட்டியே சூரியனைச் சுற்றிவரும் மிகச் சிறிய புவியண்மைச் சிறுகோள் ஆகும். இதன் வரிசை எண் 469219. கண்டுபிடிக்கப்பட்டபோது இதற்கு 2016 எச்ஓ3 என்ற தற்காலிகக் குறியீடு வழங்கப்பட்டது. இதன் விட்டம் 40 முதல் 100 மீட்டர் வரை இருக்கலாம் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இச்சிறுகோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொள்கிறது. புவிக்கும் அதே காலம் ஆவதால், இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் சூரியனைச் சுற்றி வருகின்றன. புவியிலிருந்து பார்க்கும்போது இது புவியையே சுற்றுவது போலத் தோன்றும். செய்தித்தாள்கள் இதனைப் "புவியின் இரண்டாவது நிலா" என்று எழுதுவதற்கு இதுவே காரணம். ஆனால் இது புவியின் துணைக்கோள் அன்று. இத்தகைய பொருள்களை வானியலாளர்கள் போலித்துணைக்கோள்கள் என அழைக்கின்றனர். இது நிலாவிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு துண்டாக இருக்கலாம் என்ற கருத்து 2021 முதல் வலுப்பெற்று வருகிறது. இதனை நேரில் ஆராய்ந்து மாதிரி எடுத்துவர, 2025இல் சீனா தியான்வென்-2 என்ற விண்கலத்தை அனுப்பியது.

கண்டுபிடிப்பு

இச்சிறுகோள் 2016 ஏப்ரல் 27 அன்று, ஹவாயின் மாவுய் தீவிலுள்ள ஹாலேயாகலா எரிமலை உச்சியில் அமைந்துள்ள பான்-ஸ்டார்ஸ் 1 தொலைநோக்கியால் கண்டறியப்பட்டது. வானத்தின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, விண்மீன்களுக்கு இடையே இடம் மாறும் ஒளிப்புள்ளிகளைத் தேடுவது இத்தொலைநோக்கியின் பணியாகும். பின்னர் பழைய படங்களை ஆராய்ந்தபோது, 2004இல் எடுக்கப்பட்ட படங்களிலும் இச்சிறுகோள் பதிவாகியிருந்தது தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியுள்ள இப்பதிவுகள் கிடைத்ததால், இதன் சுற்றுப்பாதையை மிகத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது.

இது மிகவும் மங்கலானது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடப் பல இலட்சம் மடங்கு குறைந்த ஒளியையே இது தருகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தையொட்டிய சில வாரங்களில் மட்டுமே, அதுவும் பெரிய தொலைநோக்கிகளால் மட்டுமே, இதனை நன்கு நோக்க இயலும்.

பெயர்

கமோஓவலேவா என்பது ஹவாய் மொழிச் சொல். ஹவாயிலுள்ள தொலைநோக்கிகள் கண்டறியும் விண்பொருள்களுக்கு அம்மண்ணின் மொழியிலேயே பெயரிடும் திட்டத்தின்கீழ் இப்பெயர் உருவாக்கப்பட்டது. ஹவாய் மக்களின் படைப்புப் பாடலான குமுலிப்போவிலிருந்து இச்சொல் எடுக்கப்பட்டது. "ஊசலாடும் வான்துண்டு" என்பது இதன் பொருள். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2019இல் இப்பெயரை ஏற்றுக்கொண்டது. புவிக்கு முன்னும் பின்னும், மேலும் கீழுமாக அசைந்துகொண்டே செல்லும் இச்சிறுகோளின் இயக்கத்துக்கு இப்பெயர் மிகவும் பொருந்துகிறது.

சுற்றுப்பாதை

கமோஓவலேவாவின் சுற்றுப்பாதை பற்றிய முதன்மைத் தரவுகள் வருமாறு:

வகை: அப்போலோ வகைப் புவியண்மைச் சிறுகோள்
சூரியனிலிருந்து சராசரித் தொலைவு: ஏறத்தாழ 1.001 வானியல் அலகு
சூரியனுக்கு மிக அருகில்: ஏறத்தாழ 0.90 வானியல் அலகு
சூரியனுக்கு மிகத் தொலைவில்: ஏறத்தாழ 1.10 வானியல் அலகு
மையப்பிறழ்ச்சி: ஏறத்தாழ 0.10
புவியின் சுற்றுப்பாதைத் தளத்துடன் சாய்வு: ஏறத்தாழ 7.8 பாகை
சுற்றுக்காலம்: ஏறத்தாழ 366 நாள்

வானியல் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு. அதாவது ஏறத்தாழ 15 கோடி கி.மீ. கமோஓவலேவாவின் சராசரித் தொலைவு ஏறக்குறைய இதே அளவாக இருப்பதால்தான் இரண்டின் சுற்றுக்காலமும் ஒன்றாக அமைந்துள்ளது. சராசரித் தொலைவு எவ்வளவோ அதற்கேற்பவே ஒரு பொருளின் சுற்றுக்காலம் அமையும் என்பது கெப்லரின் மூன்றாம் விதி.

சுற்றுக்காலம் ஒன்றே ஆயினும் பாதையின் வடிவம் வேறு. புவியின் பாதை ஏறத்தாழ வட்டமானது. கமோஓவலேவாவின் பாதை அதைவிடச் சற்று நீண்ட நீள்வட்டம். ஆகவே இது ஓராண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் புவியின் பாதைக்கு உட்புறமாகவும், எஞ்சிய ஆறு மாதம் வெளிப்புறமாகவும் செல்கிறது.

புவியைச் சுற்றுவது போலத் தோன்றுவது ஏன்?

சூரியனுக்கு அருகில் வரும்போது ஒரு பொருள் விரைவாகவும், விலகிச் செல்லும்போது மெதுவாகவும் நகரும். இதன்படி கமோஓவலேவா புவியின் பாதைக்கு உட்புறம் வரும்போது விரைந்து புவியை முந்துகிறது. வெளிப்புறம் செல்லும்போது வேகம் குறைந்து பின்தங்குகிறது.

ஒரு திடலைச் சுற்றி ஓடும் இருவரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருவர் ஒரே தடத்தில் ஒரே வேகத்தில் ஓடுகிறார். மற்றவர் பாதிச் சுற்றில் உட்புறமாக ஓடி முந்துகிறார். மீதிச் சுற்றில் வெளிப்புறமாக ஓடிப் பின்தங்குகிறார். இருவரும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில் முடிக்கின்றனர். முதலாமவரின் பார்வையில், மற்றவர் தம் இடப்புறம் முந்திச் சென்று, முன்னால் குறுக்கே கடந்து, வலப்புறம் பின்தங்கி, பின்னால் குறுக்கே கடந்து மீண்டும் இடப்புறம் வருவார். தம்மையே அவர் சுற்றி வருவதாக முதலாமவருக்குத் தோன்றும். ஆனால் உண்மையில் இருவரும் திடலைத்தான் சுற்றுகின்றனர்.

இவ்வாறு தோன்றும் சுற்று, நிலா புவியைச் சுற்றும் திசைக்கு எதிரானது. இதன் வடிவம் சூரியன் இருக்கும் திசையில் குறுகியும், புவி செல்லும் திசையில் நீண்டும் காணப்படும். குறுகிய பக்கத்தில் இச்சிறுகோள் புவியிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி கி.மீ. தொலைவிலும், நீண்ட பக்கத்தில் அதன் இருமடங்கான ஏறத்தாழ 3 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கும். அதோடு, பாதை சாய்ந்திருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை புவியின் பாதைத் தளத்துக்கு மேலேறிக் கீழிறங்குகிறது.

புவியின் ஈர்ப்பு செய்யும் பணி

சுற்றுக்காலம் சற்றே வேறுபட்டாலும் காலப்போக்கில் அவ்வேறுபாடு சேர்ந்து சேர்ந்து இரண்டும் பிரிந்துவிட வேண்டும். அவ்வாறு பிரியாமல் தடுப்பது புவியின் ஈர்ப்பு.

இச்சிறுகோளின் தோற்றச் சுற்று முழுவதும் மெல்ல முன்னோக்கி நகர்ந்துவிட்டது எனக் கொள்வோம். அப்போது அச்சுற்றின் பின்முனை புவியை நெருங்கும். சிறுகோள் அப்பின்முனைக்கு வரும் ஒவ்வொரு முறையும், புவி அதனை முன்னோக்கி இழுக்கும். முன்னோக்கி இழுத்தால் அது இன்னும் விரைந்து சென்றுவிடும் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. ஆற்றல் கூடும்போது சுற்றுப்பாதை சற்றுப் பெரிதாகிறது. பெரிய பாதையைச் சுற்ற அதிகக் காலம் ஆகிறது. எனவே சிறுகோள் மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. மிகவும் பின்தங்கிவிட்டாலோ, இதே விளைவு எதிர்த்திசையில் நிகழ்ந்து அதனை முன்னோக்கிக் கொண்டுவருகிறது.

இவ்வாறு பல ஆண்டுகளாக முன்னும் பின்னும் ஊசலாடினாலும், இச்சிறுகோள் புவியிலிருந்து நிலாவின் தொலைவைப்போல் ஏறத்தாழ 38 மடங்குக்கு அருகிலோ 100 மடங்குக்கு அப்பாலோ செல்வதில்லை. நாசாவின் கணக்கீட்டின்படி, இது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்நிலையில் உள்ளது. இன்னும் சில நூற்றாண்டுகள் இவ்வாறே தொடரும்.

துணைக்கோளுக்கும் போலித்துணைக்கோளுக்கும் உள்ள வேறுபாடு

சூரியனின் ஈர்ப்பை மீறிப் புவி தன் ஈர்ப்பால் ஒரு பொருளைத் தன்னுடன் பிடித்துவைத்திருக்கக்கூடிய எல்லை ஹில் கோளம் எனப்படும். அது புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கி.மீ. வரை பரவியுள்ளது. நிலா 3,84,400 கி.மீ. தொலைவில், இவ்வெல்லைக்குள் நன்றாக உள்ளடங்கியுள்ளது. கமோஓவலேவாவோ மிக நெருங்கி வரும்போதும் இவ்வெல்லையைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தொலைவில் இருக்கிறது.

சூரியன் திடீரென இல்லாமற்போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நிலா வழக்கம்போல் புவியைச் சுற்றிக்கொண்டிருக்கும். கமோஓவலேவா புவியை விட்டுத் தன் வழியே நேராகப் பறந்து சென்றுவிடும்.

தற்காலிகமாகப் புவியால் பிடிக்கப்படும் சிறு நிலாக்களிலிருந்தும் இது வேறுபட்டது. எடுத்துக்காட்டாக, சில மீட்டர் அளவே கொண்ட 2006 ஆர்எச்120 என்ற பொருள் 2006–2007 காலத்தில் உண்மையாகவே புவியைச் சுற்றிவிட்டு விலகிச் சென்றது. போலித்துணைக்கோள்கள் அவ்வாறு பிடிபடுவதில்லை. புவிக்கு 2004 ஜியூ9 உள்ளிட்ட வேறு சில போலித்துணைக்கோள்களும் உள்ளன. வெள்ளிக் கோளுக்கு 2002 விஇ68 என்ற போலித்துணைக்கோள் உண்டு.

இயற்பியல் பண்புகள்

கமோஓவலேவா ஏறத்தாழ 28 நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. பெரிய சிறுகோள்கள் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் சுழல்வதில்லை. அவற்றுள் பல, கற்களும் தூசியும் ஈர்ப்பால் சேர்ந்த குவியல்கள். அதைவிட விரைந்து சுழன்றால் சிதறிவிடும். 28 நிமிடத்தில் சுழன்றும் கமோஓவலேவா சிதறாமல் இருப்பதால், இது ஒரே பாறையாக இருக்கலாம், அல்லது இதன் துகள்கள் ஈர்ப்பு தவிர்ந்த பிற விசைகளாலும் ஒட்டியிருக்கலாம். இதன் நடுக்கோட்டுப் பகுதியில் தளர்வாகக் கிடக்கும் கல் எதுவும் வெளியே எறியப்பட்டுவிடும். விண்கலம் இறங்கி மாதிரி எடுப்பதற்கு இது ஒரு பெரும் அறைகூவலாகும்.

நிலாவின் துண்டா?

அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஷார்க்கி, விஷ்ணு ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள், அரிசோனாவிலுள்ள பெரிய இரட்டைத் தொலைநோக்கியால் இச்சிறுகோளின் ஒளியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். இதன் நிறமாலை வழக்கமான புவியண்மைச் சிறுகோள்களுடன் ஒத்துப்போகவில்லை. சிவப்பு மிகுந்த அந்நிறமாலை, அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் நிலாவிலிருந்து கொண்டுவந்த மாதிரிகளின் நிறமாலையை ஒத்திருந்தது. புவியைப் பொறுத்து இதன் வேகம் குறைவாக இருப்பதும் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது.

நிலாவில் பெரிய விண்கல் மோதினால், நொடிக்கு ஏறத்தாழ 2.4 கி.மீ. என்ற விடுபடு வேகத்தைத் தாண்டிச் சில பாறைகள் வெளியேறக்கூடும். அவற்றுள் மிகச் சிலவே இத்தகைய பாதையை அடைய முடியும் என்பதை ரேணு மல்கோத்ரா உள்ளிட்டோர் 2023இல் கணினிக் கணக்கீடுகளால் காட்டினர். 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, நிலாவின் மறுபக்கத்திலுள்ள 22 கி.மீ. விட்டமுடைய ஜோர்டானோ புரூனோ பள்ளமே இதன் பிறப்பிடமாக இருக்கலாம் என்றது. அப்பள்ளம் சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானதாகக் கருதப்படுகிறது.

எனினும் நிறமாலை ஒப்புமை மட்டுமே முடிவான சான்றாகாது. விண்வெளியில் நெடுங்காலம் சூரியக் காற்றும் நுண்கற்களும் தாக்குவதால் ஒரு பாறையின் நிறம் மாறக்கூடும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையிலிருந்து இது வந்திருக்கும் வாய்ப்பும் விலக்கப்படவில்லை.

தியான்வென்-2 திட்டம்

சீனாவின் தியான்வென்-2 விண்கலம் 2025 மே 29 அன்று சிச்சாங் ஏவுதளத்திலிருந்து லாங் மார்ச் 3பி ஏவூர்தி மூலம் செலுத்தப்பட்டது. திட்டப்படி இது 2026இல் கமோஓவலேவாவை அடைந்து, அருகிலிருந்து ஆராய்ந்து, மாதிரி சேகரித்து, 2027இன் இறுதியில் அதனைப் புவிக்கு அனுப்பும். பின்னர் விண்கலம் 311பி/பான்-ஸ்டார்ஸ் என்ற பொருளை நோக்கிப் பயணத்தைத் தொடரும்.

நிலாப் பாறைகள் ஏற்கெனவே ஆய்வகங்களில் உள்ளதால் ஒப்பீடு எளிதாகும். புவிப் பாறைகளிலும் நிலாப் பாறைகளிலும் ஆக்சிசன் ஓரிடத்தான்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. பெரும்பாலான சிறுகோள்களில் அது வேறுபடும். எனவே சில கிராம் மாதிரியே இவ்வினாவுக்கு விடை தரப் போதுமானது. நிலாவின் துண்டு என உறுதியானால், புவியண்மைச் சிறுகோள்கள் அனைத்தும் சிறுகோள் பட்டையிலிருந்தே வந்தவை அல்ல என்பது தெளிவாகும்.

புவிக்கு ஆபத்து உண்டா?

வருங்காலச் சில நூற்றாண்டுகளில் இச்சிறுகோளால் புவிக்கு ஆபத்து இல்லை. இது ஆபத்து விளைவிக்கக்கூடிய சிறுகோள்களின் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அப்பட்டியலில் ஏறத்தாழ 140 மீட்டருக்கு மேற்பட்ட அளவுள்ளவையே சேர்க்கப்படுகின்றன. தன்னை நெருங்கவிடாமலும் விலகவிடாமலும் இச்சிறுகோளைக் காத்துவருவது புவியின் ஈர்ப்பே. அந்த ஊசலாட்டம் குலையும் காலத்தில் இது போலித்துணைக்கோள் நிலையிலிருந்து நீங்கி, புவியின் பாதை நெடுகப் பரவிய குதிரைலாட வடிவப் பாதைக்கு மாறும் எனக் கணக்கீடுகள் தெரிவிக்கின்றன.