மீன் எப்போது செத்தது?

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் கலை இரவில் எனக்கு நான்கு நிமிடங்கள் கொடுத்தார்கள். நடனம் முடிந்து பட்டிமன்றத்துக்கு மேடையை மாற்றியமைக்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. அதை யாராவது நிரப்ப வேண்டும். "நீதான் எப்பப் பார்த்தாலும் பேசிக்கிட்டே இருப்பியே," என்று ஏற்பாட்டுக் குழுவிலிருந்த தோழி என் பெயரை எழுதிவிட்டாள்.

அந்த நான்கு நிமிடங்களில் அரங்கம் ஒரே ஒரு முறைதான் சிரித்தது. அதுவும் நான் எழுதிச் சென்ற நகைச்சுவைக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு மின்தூக்கியில் மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அடுத்த வரி மறந்துபோயிற்று. "இருங்க, பாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று வாய் தானாக உளறியது. மூன்றாவது வரிசையில் இருந்த பாட்டி, "எனக்கு என்னடி தெரியும்?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். கைதட்டல் முழுவதும் அவருக்குத்தான்.

அவருக்குப் பக்கத்தில் அப்பா இருந்தார். ரயில் தடப் பராமரிப்பில் அவருக்கு இரவு வேலை. கடைசி ரயில் ஓடி முடிந்த பிறகுதான் அவர் பணியே தொடங்கும். நான் மேடையை விட்டு இறங்கியபோது அவர் கிளம்பியிருந்தார். மறுநாள் காலையில் வீடு திரும்பியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நூலகத்தில் வேறொரு பாடத்துக்குப் புத்தகம் தேடியபோது ஸ்டீவ் மார்ட்டின் எழுதிய 'பார்ன் ஸ்டாண்டிங் அப்' கண்ணில் பட்டது. 2007இல் வெளிவந்த தன்வரலாறு. 'ஃபாதர் ஆஃப் தி பிரைட்', 'சீப்பர் பை தி டஜன்' படங்களில் வரும் அந்த வெள்ளை முடி அப்பாதானே என்று எடுத்தேன். திரைப்படங்களுக்கு முன்பு அவர் தனியாளாக மேடையேறிச் சிரிக்கவைத்த காலத்தைப் பற்றிய புத்தகம் அது. மொத்தம் 18 ஆண்டுகள். அதில் 10 ஆண்டுகள் கற்றுக்கொள்ளவும் 4 ஆண்டுகள் மெருகேற்றவும் போயிற்றாம். புகழ் கிடைத்தது கடைசி 4 ஆண்டுகளில். என்னுடைய 4 நிமிடங்களை வைத்து மனத்துக்குள் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

மார்ட்டின் 1945இல் பிறந்தவர். 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அந்த ஆண்டில் அவருக்கு 10 வயது ஆனது. வாசலில் வழிகாட்டிப் புத்தகம் விற்கும் வேலையில் சேர்ந்தார். ஒரு புத்தகம் விற்றால் இரண்டு காசு. பதின்ம வயதில் அங்கேயே மந்திர வித்தைப் பொருள்கள் விற்கும் கடைக்கு மாறினார். வாடிக்கையாளருக்கு ஒரே வித்தையை ஒரு நாளில் எத்தனையோ முறை செய்துகாட்ட வேண்டும். அப்போதே சிறு சிறு நிகழ்ச்சிகளும் நடத்தத் தொடங்கினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் எது எடுபட்டது, எதை விட்டுவிட வேண்டும், அடுத்த முறை கை நடுங்கக் கூடாது என்றெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

என்னை நிறுத்தி வைத்தது அந்தக் குறிப்புகள்தாம். நான் என் நிகழ்ச்சியை மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையன் வீட்டுக்குப் போய் அதை எழுதி வைக்கிறான்! அன்றிரவு நானும் ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்து எழுதினேன். முதல் வரி: 'லிஃப்ட் ஜோக் ஏன் செத்தது?'

காரணம் கண்டுபிடிக்க நீண்ட நேரம் ஆகவில்லை. அதை நான் ஆங்கிலத்தில் யோசித்திருந்தேன். ஆங்கிலத்தில் மேலே ஏறும் பெட்டியும் 'லிஃப்ட்', மனத்தை உற்சாகப்படுத்துவதும் 'லிஃப்ட்'. அந்த இரட்டை அர்த்தத்தில்தான் நகைச்சுவையே தொங்கிக்கொண்டிருந்தது. கலை இரவு என்பதால் நல்ல தமிழில் 'மின்தூக்கி' என்று மாற்றினேன். கயிறு அறுந்துவிட்டது. பாலர் பள்ளியிலிருந்து இரண்டு மொழிகளிலும் படித்தவள் நான். இரண்டிலும் தேர்வெழுதத் தெரியும். ஆனால் எந்த மொழியில் சிரிக்கிறேன் என்று அதுவரை யோசித்ததில்லை.

புத்தகத்தில் இன்னோர் இடம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது, சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்ற விளக்கம் ஒன்றை மார்ட்டின் ஒரு பாடநூலில் படிக்கிறார். கதை சொல்பவர் ஓர் இறுக்கத்தை உண்டாக்குகிறார், கடைசி வரியில் அதை அவிழ்க்கிறார், உடனே சிரிப்பு வருகிறது என்பது அந்த விளக்கம். அவருக்கு ஒரு சந்தேகம். அவிழ்க்காமலே விட்டால் என்ன ஆகும்? இறுக்கம் எங்கேயாவது வெளியேறித்தானே ஆக வேண்டும்? அப்படியானால் எங்கே சிரிப்பது என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்வார்கள். 'இதோ, இங்கே சிரியுங்கள்' என்று மேடையிலிருந்து சைகை காட்ட வேண்டியதில்லை.

இந்தச் சோதனை அவரை எங்கெல்லாமோ கொண்டுபோனது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சுமார் 100 மாணவர்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சி. முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. அவர் பேசிக்கொண்டே வெளியே நடக்க, கூட்டமும் பின்தொடர்ந்தது. வழியில் தண்ணீர் வற்றிய நீச்சல்குளம் ஒன்று தென்பட்டது. எல்லாரையும் அதில் இறங்கச் சொல்லி, அவர்கள் தலைகளுக்கு மேலே கைகள் தாங்க நீந்திப் போனாராம்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பாட்டியின் மீன் கதை.

பாட்டி ஒரு முறை தேக்கா ஈரச்சந்தைக்கு மீன் வாங்கப் போனார். கடைக்காரர் சீனர். இருவருக்கும் மலாயில் பேரம். நடுநடுவே பாட்டி, கூட வந்த அத்தையிடம் தமிழில், "இந்த மீன் நேத்துச் செத்ததா, போன மாசம் செத்ததா தெரியல," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கடைக்காரர் முகத்தில் சலனமே இல்லை. விலை படிந்தது. மீனை நிறுத்துப் போட்டவர் தமிழில் சொன்னார்: "இன்னிக்குக் காலையிலதான் செத்துச்சும்மா. பை இருக்கா?"

வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்திச் சிரிப்புக்குக் காத்திருப்பார்கள். பாட்டி நிறுத்த மாட்டார். அதே குரலில், "பை இருந்துச்சு, குடுத்தேன். நல்ல மீன்தான்," என்பார். பிறகு அடுப்பை அணைத்தோமா என்று கேட்பார். அம்மா முணுமுணுப்பிலேயே சிரித்துவிடுவார். அப்பா 'பை இருக்கா'வில். எனக்கு எப்போதும் 'நல்ல மீன்தான்' என்ற இடத்தில்தான் தாங்காது. மார்ட்டின் பாடநூல் படித்துப் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்ததைப் பாட்டி சமையலறையில் வெங்காயம் உரித்தபடி செய்துகொண்டிருந்தார்.

மார்ட்டினின் வெற்றிக் காலத்தைப் பற்றிய பக்கங்களில் மகிழ்ச்சி குறைவு. 20,000 பேர் கூடும் அரங்குகளில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று வெள்ளை உடை அணிந்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் புதிதாக எதையும் முயல முடியவில்லை. வெளியே தலைகாட்டவும் முடியவில்லை. இயல்பில் அவர் கூச்ச சுபாவம் உள்ளவர், ஆனால் பார்ப்பவர்கள் எல்லாரும் அவர் வேடிக்கை காட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். (ஒரே ஒரு முறை மேடையேறிச் சொதப்பிய எனக்கே தீபாவளி விருந்தில் நான்கு அத்தைமார், "எங்கே, ஒரு ஜோக் சொல்லு பார்ப்போம்," என்றார்கள்.) ஒரு நாள் பிரமாதமாக அமைந்துவிடுவது எளிது, எந்தச் சூழலிலும் இரவுக்கு இரவு நன்றாகச் செய்வதுதான் கடினம் என்பது அவர் எண்ணம். 1981இல் மேடை நகைச்சுவையை நிறுத்திவிட்டார்.

அவருடைய தந்தையைப் பற்றிய பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். இளமையில் நடிகராக ஆசைப்பட்டு, பிறகு வீட்டுமனைத் தொழிலுக்குப் போனவர் அவர். மகன் முதன்முதலில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் தோன்றியபோது, தம் தொழில் சங்கத்தின் செய்தி மடலில் அதைக் குறைகூறியே எழுதினார். 1979இல் 'தி ஜெர்க்' படம் வெளியானபோது, மகன் நடிப்பு எப்படி என்று நண்பர்கள் கேட்டதற்கு, அவன் ஒன்றும் சார்லி சாப்ளின் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னாராம். மரணப் படுக்கையில்தான், தாம் செய்ய நினைத்ததையெல்லாம் மகன் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று மகன் சொல்கிறார். ஆனால் உங்களால் செய்தேன் என்பதே இன்னும் சரியான பதில் என்று எழுதுகிறார். தமிழில் இது நான்காம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் உள்ள வித்தியாசம். உயர்நிலைப் பள்ளியில் இந்த உருபுகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அவற்றுக்கு இடையே ஒரு தந்தையும் மகனும் இவ்வளவு காலம் நிற்கலாம் என்று அப்போது தெரியாது.

ஐந்து மாதம் கழித்து ஒரு சமூக மன்றத்தில், சுமார் 30 பேர் கூடிய சிறிய நிகழ்ச்சியில் மீண்டும் பேசினேன். இந்த முறை மீன் கதை. பாட்டியிடம் அனுமதி கேட்டபோது, "அஞ்சு வெள்ளி மீனை நாலு வெள்ளிக்கு வாங்கினேன். அதைச் சொல்லாம விட்டுடாதே," என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. அவர் சொல்லும் தமிழிலேயே சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை. 'பை இருக்கா'வில் முன்வரிசை சிரித்தது. 'நல்ல மீன்தான்' வந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண்மணி தனியாகச் சிரிக்க, அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நடுவில் நான் சேர்த்திருந்த என் சொந்தச் சரக்கு இரண்டும் படுத்துவிட்டன. நோட்டில் நான்கையும் குறித்துக்கொண்டேன்.

அப்பா வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். உட்காராமல், கதவோரம் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார். முடிந்ததும் பேருந்து நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். பாதி தூரம் வரை பேச்சே இல்லை.

"மைக்கை அப்படி வாய்க்குள்ள வெச்சுக்கிட்டுப் பேசாதேம்மா," என்றார் பிறகு. "பாதி கேக்கல."

எந்தப் பாதி கேட்டது என்று நான் கேட்பதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது.