‘தொழிலாளர்’ என்னும் சொல்

சென்னை-திருச்சிப் பெருஞ்சாலையும் விருத்தாசலம்-சேலம் சாலையும் கூடுமிடத்தில் அமைந்தது எமது வேப்பூர். ஞாயிறு இரவுகளில் முதுகிற் பை தாங்கிய இளைஞரும் நங்கையரும் அங்குச் சென்னைப் பேருந்துக்குக் காத்து நிற்பர். மறுநாட் காலை மென்பொருள் நிறுவனங்களில் அவர்கள் பணிக்கு அமர்தல் வேண்டும். “குளிர்ந்த அறை, கைநிறைந்த சம்பளம்; இவர்க்குக் குறையென்ன?” என்பர் ஊரார். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். உறவினராகிய அண்ணன் ஒருவர் சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையில் மனந்திறந்து பேசிய பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

அவர் முதலிற் கூறியது சொற்களைப் பற்றியது. தமிழ் பயிலும் எமக்கு அதுவே வியப்பளித்தது. அவருடைய நிறுவனத்தில் தொழிலாளர் என்று எவரும் இலர்; எல்லாரும் ‘அசோசியேட்’. மேலாளரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். யாவரும் ஒரே குடும்பம் என்பர். கையில் வேலைத்திட்டம் இன்றியிருத்தல் ‘பெஞ்சில் இருத்தல்’ எனப்படும். (பள்ளியிற் பெஞ்சின்மேல் நின்றவர் அதன் அச்சத்தை எளிதில் உணர்வர்.) பணிநீக்கம் என்னும் சொல்லோ அங்கு வழங்குவதே இல்லை. தனியறைக்கு அழைத்து, ராஜினாமா எழுதித் தருமாறு இன்சொல்லாற் கேட்பர். எழுதித் தந்தவர் தாமே விலகியவராகிவிடுகின்றார்; பின்னர் வழக்காடுதல் அரிதாகின்றது.

இனி, ஆண்டு மதிப்பீட்டைச் சிறிது விளக்குவோம். ‘பெல் கர்வ்’ எனப்படும் முறையில், குழுவினரைத் தலைத்தரம், இடைத்தரம், கடைத்தரம் என முன்னரே வகுத்த விழுக்காட்டின்படி பங்கிடுவர். அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜாக் வெல்ச் இத்தகைய முறையைப் புகழ்பெறச் செய்தார். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013-இல் இதனைக் கைவிட்டது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைத் திறக்கும்போது, வெடித்த கிண்ணத்தைத் தள்ளுவர்; பத்தும் நன்றாயின் பத்தையும் எடுத்துக்கொள்வர். பத்தில் ஒன்று வெடித்தே தீரவேண்டும் என்று கணக்கெழுதும் சூளைக்காரர் எவருமிலர். அண்ணனுடைய குழுவிலோ எண்மரும் நன்கு உழைத்தும் ஒருவரைக் கடைத்தரத்தில் வைக்க வேண்டியிருந்தது. மகப்பேற்று விடுப்பிலிருந்து மீண்ட சகோதரி ஒருவரின் பெயரையே எழுதினராம். அதன்பின் ஒருவர்க்கொருவர் வேலை கற்பித்தலும் அக்குழுவில் நின்றுபோயிற்று.

நிற்க. இவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர்தாமா? 1947-ஆம் ஆண்டின் தொழிற்றகராறுச் சட்டம், பின்னர்த் திருத்தப்பட்டவாறு, தொழில்நுட்பப் பணி செய்வோரையும் தொழிலாளர் என்றே கொண்டது. மேலாண்மைப் பணியினரை விலக்கிற்று. ஆகவே, ஒருவரது பதவிப்பெயரன்று, அவர் உண்மையிற் செய்யும் வேலையே கருதற்பாலது. 2015 ஜனவரியில், டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தார் கருவுற்றிருந்த பணியாளர் ஒருவரை நீக்கியதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2016-இல் தமிழ்நாட்டரசும், மென்பொருட் பணியாளர் சங்கம் அமைக்கத் தடையில்லை எனத் தெளிவுறுத்திற்று.

சங்கம் என்பது இந்நகர்க்குப் புதிதன்று. இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த திரு. வி. கலியாணசுந்தரனார், 1918-இல் வாடியா முதலியோருடன் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவுதற்குத் துணைநின்றார். பின்னி ஆலைத் தொழிலாளர் அன்று முறையிட்டவற்றுள் நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதாமையும் ஒன்று. எம் அண்ணனும் பல நாள் கணினியின் முன்னமர்ந்தே உண்பதாகக் கூறினார். ஆனால் அதனை முறையீடென அவர் கருதவில்லை.

இவ்வேலையால் அவர் இல்லத்துக் கடன் தீர்ந்தது. தங்கை கல்லூரியிற் பயில்கின்றாள். இதனையும் மறைத்தல் முறையன்று.

“அண்ணா, சங்கத்திற் சேர்ந்தீர்களா?” என்று சாலையோரத்தில் நின்று வினவினோம். “படிவம் வாங்கி வைத்திருக்கிறேன், தம்பி, பெயர் எழுதவில்லை. மேலாளர் அறிந்தால்?” என்றார். அதற்குள் விழுப்புரம் வழிச் சென்னைப் பேருந்து வந்துவிட்டது.