மல்லர்களின் ஆகாரமும் தேக எடையும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தின் முக்கியமான தானியம் கேழ்வரகு. எல்லைக்கு அப்பால் மைசூரில் தசராக் காலத்தில் மல்யுத்தப் பந்தயங்கள் நடைபெறுவதை யாவரும் அறிவர். இப்பக்கத்தில் அவ்வித்தையைப் பயில விரும்பும் வாலிபர்கள், ஆகாரத்துக்கும் தேக எடைக்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

சர்வதேச விதிப்படி ஒரு பந்தயம் மும்மூன்று நிமிஷங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடக்கும். இடையே 30 வினாடி ஓய்வு உண்டு. எதிரியைத் தூக்கி எறியும் சில வினாடிகளுக்குத் தசையில் சித்தமாயுள்ள சக்தியே போதும். பிடி நீடித்தால், தசையில் சேர்ந்துள்ள மாவுச்சத்து பிராணவாயுவின் துணையின்றியே சிதைந்து சக்தியளிக்கிறது. கைகால் எரிச்சலும் சோர்வும் தோன்றுவது அப்போதுதான்.

அந்த மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் தங்கியிருக்கும். ஆகவே பட்டினி கிடந்து, வியர்வை சிந்தி எடையைக் குறைப்பவன், கொழுப்பை விட்டுவிட்டுத் தன் தசையின் சக்தியையும் நீரையுமே இழக்கிறான். இரத்தத்தின் அளவு குறைகிறது, இருதயம் வருந்துகிறது, தேகச் சூடு தணிவதில்லை. 1997-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் இவ்விதமாய் உயிரிழந்தனர். அதன்பின் அந்நாட்டுக் கல்லூரிப் பந்தயங்களில் ரப்பர் உடையும் வெப்ப அறையும் தடுக்கப்பட்டன. ஆண்களின் தேகத்தில் கொழுப்பு நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட், இரவெல்லாம் முயன்றும் 50 கிலோ வரம்புக்கு 100 கிராம் மிஞ்சியதால் இறுதிப் போட்டியை இழந்தார்.

கொழுப்பை மெதுவாகவே கரைக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியுள்ளது. தினசரி ஆகாரத்தில் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ குறையும். மூன்று கிலோவுக்கு ஆறு வாரம் வேண்டும் என்று கணக்கிட்டு, பந்தயத்துக்கு வெகு முன்பே தொடங்குவது உசிதம்.

இதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டுவதில்லை. கேழ்வரகுக் களி மாவுச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் தரும். கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. பாலும் கீரையும் நிலக்கடலையும் அளவோடு சேரலாம். பயிற்சிக்குப் பின் உப்பிட்ட நீர்மோர் நன்று. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வருவோர் வெறும் வயிற்றுடன் கோதாவில் இறங்கலாகாது. வளரும் பருவத்துச் சிறுவர்களைப் பட்டினி போடாமல், அவரவர் எடைக்கு உரிய பிரிவிலேயே பெற்றோரும் ஆசான்களும் நிறுத்துவார்களாக.